குடும்பத்துக்கு எந்த ஹெல்த் பாலிசி? ஒரே பில், நான்கைந்து கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மேல் விதித்துவந்த 18 சதவீத ஜிஎஸ்டி எடுக்கப்பட்டுவிட்டது. இத்தனை நாள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் இப்போது விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" ஒரே கம்பெனி பத்துப் பாலிசி விற்கிறது, ஒன்றில் இருக்கும் நிபந்தனை இன்னொன்றில் இல்லை. அதனால் கம்பெனிப் பெயரைச் சற்று ஒதுக்கிவைத்து, டிஸ்சார்ஜ் அன்று கையில் வரும் பில்லிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

ஈரோட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவனுக்கு 36, மனைவிக்கு 33, இரண்டு பிள்ளைகள். உடன் இருக்கும் அப்பாவுக்கு 64, பல வருடமாகச் சுகர் மாத்திரை. அம்மாவுக்கு 60. பாலிசி எடுத்து மூன்றாவது வருடம் மனைவிக்குப் பித்தப்பையில் கல். கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், நான்கு நாள் தங்கல். (மூன்றாவது வருடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பித்தப்பைக் கல், ஹெர்னியா, கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்கு அநேகமாக எல்லாப் பாலிசியிலும் 24 மாதக் காத்திருப்பு இருக்கிறது; அதுவரை அவற்றுக்குப் பணம் கிடைக்காது.)

பில் இப்படி வருகிறது என்று கொள்வோம். அறை வாடகை நாளுக்கு 8,000 வீதம் 32,000. சர்ஜன், தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்தும் டெஸ்டும் 60,000. கையுறை, மாஸ்க், அட்மிஷன் கிட் மாதிரியான உதிரிச் செலவு 12,000. மொத்தம் 2,24,000 ரூபாய். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். மேலோட்டமாகப் பார்த்தால் எந்தப் பாலிசியாக இருந்தாலும் முழுசாக வந்துவிடும் போலத்தான் தெரியும்.

முதலில் பொதுத்துறையைப் பார்ப்போம். நியூ இந்தியா அஷூரன்ஸின் ஃப்ளோட்டர் (குடும்பம் முழுக்க ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ளும் வகை) மெடிக்ளெய்மில் அறை வாடகைக்கு வரம்பு, காப்பீட்டுத் தொகையில் நாளுக்கு 1 சதவீதம். ஐசியூவுக்கு 2 சதவீதம். 5 லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் 5,000. நீங்கள் எடுத்ததோ 8,000 ரூபாய் அறை. நாளுக்கு 3,000 வீதம் 12,000 கைக்காசு போகும், அவ்வளவுதானே என்று நினைத்தால், அங்கேதான் இடிக்கிறது. அறை வாடகையில் எந்த விகிதத்தை ஒப்புக்கொள்கிறார்களோ, அதே விகிதத்தில் டாக்டர் கட்டணத்தையும் தியேட்டர் கட்டணத்தையும் வெட்டுவார்கள். 8,000க்கு 5,000 என்றால் 62.5 சதவீதம். அதனால் 1,20,000 என்பது 75,000 ஆகிறது. மருந்து, டெஸ்ட், உடலுக்குள் வைக்கும் கருவிகள், ஐசியூ கட்டணம் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் ஐஆர்டிஏஐ 2020லேயே சொல்லிவிட்டது. ஆகவே அந்த 60,000 முழுசாகக் கிடைக்கும். உதிரிச் செலவுக்குச் சைபர். ஆக வருவது 20,000 + 75,000 + 60,000 = 1,55,000. கையிலிருந்து போவது 69,000 ரூபாய்.

அதில் உதிரிச் செலவு 12,000 போக மீதி 57,000, நாளுக்கு மூவாயிரம் ரூபாய் வசதிக்குக் கொடுத்த விலை. அட்மிஷன் போடும் அவசரத்தில் "ஏசி ரூம்தான் இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்று கவுன்ட்டரில் கேட்கும்போது யாரும் பாலிசியைப் புரட்டிப் பார்ப்பதில்லை. வரம்புக்குள் இருக்கும் அறையாகக் கேட்டு வாங்கினாலே இந்தப் பாலிசி நன்றாக ஓடும். அறைக்கு அறை கட்டணம் மாறாத சிறிய ஆஸ்பத்திரிகளில் இந்த விகித வெட்டும் கிடையாது. ஊரில் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரியை நம்பி இருப்பவர்களுக்கு, ஏற்கெனவே பத்துப் பதினைந்து வருடமாகப் பொதுத்துறைப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு, அதை விட்டு ஓட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஸ்டார் ஹெல்த். 2006இல் சென்னையில் தொடங்கியது. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே வந்த முதல் நிறுவனம். நம் ஊர்களில் தெருவுக்கொரு ஏஜென்ட் இருப்பதால் பலருக்கும் முதலில் தெரியும் பெயர் இதுதான். கிளெய்மை மூன்றாம் தரப்பு அலுவலகத்துக்கு அனுப்பாமல் தாங்களே பார்க்கிறார்கள். இவர்களுடைய ஃபேமிலி ஹெல்த் ஆப்டிமாவில் 5 லட்சமும் அதற்கு மேலும் எடுத்தால் ஒருவர் தங்கும் சாதாரண ஏசி அறை உண்டு. நம் கோவை பில்லில் அந்த 8,000 ரூபாய் அறை அந்த வகையில் வருமானால் விகித வெட்டு இல்லை. 12,000 உதிரிச் செலவு மட்டும் நம்முடையது. டீலக்ஸ் அறைக்குப் போனால் பழையபடி கத்தரிதான். கண்புரைக்குத் தனி வரம்பு இருக்கிறது. 61 வயதிலோ அதற்கு மேலோ சேர்கிறவர்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் அவர்கள் பங்கு. 3 லட்சம், 4 லட்சத்துக்கு எடுத்தால் அறை வரம்பு ரூபாய்க் கணக்கில் வந்துவிடும்; அந்தச் சின்னத் தொகைகளில் இதை எடுப்பதில் அர்த்தமில்லை.

எச்டிஎஃப்சி எர்கோவின் ஆப்டிமா செக்யூர், நான் பார்த்தவற்றில் நிபந்தனை குறைந்த பாலிசி. அறைக்கு வரம்பு இல்லை. உதிரிச் செலவுப் பட்டியலில் இருக்கும் 68 பொருளும் அடிப்படைப் பாலிசியிலேயே அடக்கம். ஆக நம் 2,24,000 பில் ஏறக்குறைய முழுசாக முடிந்துவிடும். 10 லட்சத்துக்கு எடுத்தால் முதல் நாளிலிருந்தே 20 லட்சமாகக் கணக்கு. அதற்கு மேல் வருடத்துக்கு 50 சதவீதம் வீதம் இரண்டு வருடத்தில் இன்னொரு 10 லட்சம் சேரும், கிளெய்ம் செய்திருந்தாலும் சேரும். "நாலு மடங்கு" என்று விளம்பரத்தில் சொல்வது, தொகை தீர்ந்தால் மறுபடி நிரப்பும் வசதியையும் சேர்த்து. குறை ஒன்று உண்டு: விலை. இதே வயதுக்கு மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால் இதன் பிரீமியம் பெரும்பாலும் மேலேதான் நிற்கும். அதைக் குறைக்க அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வருடத்தில் முதல் 25,000, 50,000 அல்லது 1 லட்சத்தை நாமே கட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் இறங்கும். கணவன் வேலைபார்க்கும் கம்பெனியில் 3 லட்சம் குரூப் பாலிசி இருக்கிறதா? அப்படியானால் இந்த வழி அருமையானது. முதல் தொகையை அது பார்த்துக்கொள்ளும்.

நிவா பூபா, முன்பு மேக்ஸ் பூபா. இவர்களுடைய ரீஅஷ்யூர் 2.0வில் எல்லோரும் பேசுவது வயதுப் பூட்டைப் பற்றித்தான். 30 வயதில் சேர்ந்தால், கிளெய்ம் செய்யும்வரை 30 வயதுக்கான பிரீமியமே. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஃப்ளோட்டரில் பிள்ளைக்கு ஒரு டெங்கு வந்து நான்கு நாள் படுத்தாலும் பூட்டு திறந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எத்தனை வருடம் பூட்டியே இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். பூட்டியிருந்தாலும், அந்த வயதுக்கான கட்டண அட்டவணையையே கம்பெனி திருத்தினால் பிரீமியம் ஏறத்தான் செய்யும். எனக்கு இதில் பிடித்தது வேறு: பயன்படுத்தாத தொகை அடுத்த வருடத்துக்குச் சேர்ந்துகொண்டே போய், வகையைப் பொறுத்துப் பல மடங்காகும். உதிரிச் செலவுக்குத் தனி ரைடர் (கூடுதல் காசுக்கு வாங்கும் சேர்க்கை) வாங்க வேண்டும். பிள்ளை இல்லாத, முப்பதைத் தொடும் தம்பதிக்கு இது நல்ல பொருத்தம். நம் ஈரோட்டுக் குடும்பத்துக்கு அவ்வளவாக இல்லை.

கேர் ஹெல்த் முன்பு ரெலிகேர் என்ற பெயரில் இருந்தது. இதன் கேர் சுப்ரீம் பட்ஜெட்காரர்களின் தேர்வு. கூடுதல் போனஸ், உதிரிச் செலவு எல்லாம் தனித்தனிச் சேர்க்கையாக இருப்பதால், ஏஜென்ட் முதலில் காட்டும் விலையில் என்னென்ன இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதித்ய பிர்லாவின் ஆக்டிவ் ஒன்னில் தினமும் நடந்து காட்டினால் பிரீமியத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. நடப்பவர்களுக்கு லாபம். ஜனவரி 1 அன்று மட்டும் நடப்பவர்கள் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இனி அப்பா, அம்மா விஷயம். பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். ஃப்ளோட்டரில் பிரீமியம் கணக்கிடுவது பெரும்பாலும் குடும்பத்தில் மூத்தவர் வயதை வைத்து. 36 வயது மகனின் பாலிசியில் 64 வயது அப்பாவைச் சேர்த்தால் மொத்தப் பாலிசியும் 64 வயதுக் கணக்குக்குப் போய்விடும். தவிர, வருடத்தில் ஒரே ஒரு தொகைதான். அப்பாவின் இதய ஆபரேஷன் அதைத் தின்றுவிட்டால், மறுபடி நிரப்பும் வசதி ஒவ்வொரு பாலிசியிலும் ஒவ்வொரு நிபந்தனையோடு வரும். பெற்றோருக்குத் தனிப் பாலிசி போடுவதே சரி. 2024 ஏப்ரலிலிருந்து, ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்பு எந்தப் பாலிசியிலும் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, முன்பு 48. ஸ்டாரின் சீனியர் சிட்டிசன் ரெட் கார்ப்பெட்டில் அது 12 மாதம்தான். மெடிக்கல் டெஸ்டும் கேட்பதில்லை. பதிலுக்கு, ஒவ்வொரு பில்லிலும் 30 சதவீதம் நம் பங்கு. நோய்வாரி வரம்புகளும் உண்டு. வேறெங்கும் சுகர், பிரஷர் காரணமாக விண்ணப்பம் திரும்பி வந்தவர்களுக்கு இது ஒரு கதவு. உடம்பு நன்றாக இருக்கும் 60 வயது அம்மாவை அவசரப்பட்டு அதில் சேர்க்கத் தேவையில்லை. 30 சதவீதப் பங்கு இல்லாத சாதாரணப் பாலிசிக்கு முதலில் விண்ணப்பித்துப் பாருங்கள். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலக்காமல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் ஓர் உத்தரவும் வந்திருக்கிறது.

அப்புறம், சுகரை மறைக்கக் கூடாது. "சொன்னா பிரீமியம் ஏறும் சார், விடுங்க" என்று சொல்லும் ஏஜென்ட் டிஸ்சார்ஜ் அன்று கூட வரமாட்டார். ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் டியூட்டி டாக்டர் கேட்பார்: "சுகர் இருக்கா, எத்தனை வருஷமா?" பெரியவர் வெள்ளந்தியாக "அது ஆச்சு தம்பி, பத்து வருஷம்" என்பார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறும். கம்பெனி கேட்டு வாங்கும் முதல் தாள் அதுதான். பாலிசி ஐந்து வருடம் விடாமல் ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, இதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதற்கு முன் மறுக்கலாம், மறுக்கிறார்கள்.

கம்பெனிகளை எண்களால் எடைபோடுவோருக்கு ஒரு வார்த்தை. 2023-24இல் வசூலித்த 100 ரூபாய்ப் பிரீமியத்துக்குப் பொதுத்துறை நிறுவனங்கள் 100க்கும் மேல் கிளெய்ம் கொடுத்தன. மருத்துவக் காப்பீட்டை மட்டும் விற்கும் நிறுவனங்கள் 65 ரூபாய் அளவுக்குக் கொடுத்தன. இதைப் பார்த்துவிட்டுப் பொதுத்துறைதான் தாராளம் என்று முடிவுகட்டக் கூடாது. அவர்களிடம் கம்பெனிகளுக்கான குரூப் பாலிசிகள் அதிகம். அதில் பிரீமியம் குறைவு, கிளெய்ம் அதிகம். அதே வருடம் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகங்களுக்கு வந்த புகார்களில் ஸ்டார் ஹெல்த் மீதானவைதான் அதிகம், 13,000க்கும் மேல். தனிநபர் பாலிசிகளில் அதுவே மிகப் பெரிய நிறுவனம் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனால் இரண்டாம் இடத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, அளவு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாத அளவுக்குப் பெரிது.

இந்த எண்களைவிட நான் நம்புவது வேறொரு விசாரிப்பு. அவசரத்துக்கு நீங்கள் ஓடக்கூடிய இரண்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கு ஒரு மத்தியான வேளையில் போய், "எந்தக் கம்பெனி அப்ரூவல் சீக்கிரம் வருது, எதுல குவெரி மேல குவெரி போடுறாங்க?" என்று கேளுங்கள். தினமும் அதோடு மல்லாடுகிறவர்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும்) அனுமதி ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்திலும் வர வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனிதான் கட்ட வேண்டும். யார் அதைக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது அந்த டெஸ்க்கில் இருப்பவருக்குத் தெரியும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் இதெல்லாம் பிறகு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம்வரை உண்டு. அந்த அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஈரோட்டுக் குடும்பத்துக்கு என் தேர்வு: கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு ஆப்டிமா செக்யூர் 10 லட்சம். கணவன் வேலைபார்க்கும் இடத்தில் குரூப் பாலிசி இருந்தால் முதல் தொகையை நாமே கட்டும் வழியில். அந்தப் பிரீமியம் கட்டுப்படியாகாவிட்டால் கேர் சுப்ரீம், உதிரிச் செலவுச் சேர்க்கையோடு. பெற்றோருக்குத் தனி ஃப்ளோட்டர். கம்பெனி குரூப் பாலிசியில் அவர்களைச் சேர்க்க முடிந்தால் காத்திருப்பு இல்லாமல் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதையும் விடக் கூடாது. ஏற்கெனவே வேறு பாலிசி இருந்தால் அதை நிறுத்திவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டாம். போர்ட் செய்யுங்கள், அதாவது இருக்கும் பாலிசியையே வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; ஓடிமுடித்த காத்திருப்புக் காலம் பழைய தொகை அளவுக்கு அப்படியே கூட வரும். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பம் போக வேண்டும். புதிய கம்பெனி ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழைய பாலிசி காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.