காட்டுப்பன்றிக்குச் சோலார் வேலி: தாண்டிக்குடித் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

எங்கள் தோட்டம் திண்டுக்கல் மாவட்டத்து மலையில், பெரும்பாறையிலிருந்து தாண்டிக்குடி போகும் வழியில், காட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. மூன்றரை ஏக்கர். காபி, அதற்குள் சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகு, மலைவாழை, ஓரமாகச் சவ்சவ் பந்தல், கொஞ்சம் பட்டர் ஃப்ரூட் மரங்கள். காட்டுப்பன்றி வாழைத்தூரைத் தோண்டிக் கிழங்கைத் தின்னும், விழுந்த பழத்தைப் பொறுக்கும், காபித் தூரில் போட்ட மக்கிய குப்பையை மண்புழுவுக்காகப் புரட்டிப் போடும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி வந்து போனால் காலையில் ஏர் ஓட்டிய வயல் மாதிரிக் கிடக்கும். பழைய சேலை கட்டிப் பார்ப்பது, தகரம் தட்டுவது, பரணில் ஆள் வைப்பது எல்லாம் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிறோம். சில நாள் பலிக்கும், அப்புறம் பன்றிக்குப் பழகிவிடும். அதனால்தான் சோலார் வேலி போட்டோம். அது ஒரு கோடையையும் ஒரு ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டது. இனி எழுதலாம் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கி விஷயம். யார் வீட்டுக்கு வந்தாலும் அதைத்தான் கேட்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் என் நாத்தனார் மகன் போனில், "அத்தை, அடர்ந்த காட்டுக்கு நீளமான ரைஃபிள் ஆகாது, குட்டையான தேர்ட்டி தேர்ட்டியோ ஃபார்ட்டி ஃபைவ் செவன்டியோ இருந்தால் போதும்" என்று விளக்கமாகச் சொன்னான் (இரண்டும் தோட்டா அளவின் பெயர்கள்). ஐம்பது அறுபது மீட்டருக்குள் சுடுவதற்குக் கனமான குண்டு வேண்டுமாம், ஆண் பன்றியின் தோள்பட்டையில் கேடயம் மாதிரி தடித்த சவ்வு இருக்குமாம். அவன் சொன்னது அவன் ஊருக்குச் சரி. அங்கே பன்றி வெளியிலிருந்து வந்து பெருகியது. டெக்சாஸில் 2019 முதல் தனியார் நிலத்தில் அதைச் சுட வேட்டை லைசென்ஸ்கூடத் தேவையில்லை. இங்கே காட்டுப்பன்றி இந்த மண்ணுக்கே உரிய மிருகம், புலிக்கும் செந்நாய்க்கும் இரை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருந்தாலும் பன்றியைச் சுடும் உரிமை அதில் வராது. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம், 3க்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். எங்கள் தோட்டம் காட்டின் வாசலிலேயே இருக்கிறது. ஆக, எங்களுக்கு வேலிதான் வழி.

நாங்கள் வாங்கியது 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் வேலிப் பெட்டி. எனர்ஜைசர் என்று போட்டிருப்பார்கள், ஊரில் எல்லோருக்கும் அது 'பெட்டி'தான். வத்தலக்குண்டில் பெட்டி, 42 ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி, 75 வாட் பேனல் மூன்றும் சேர்த்து இருபத்து நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. கம்பி, கல்லுக்கால், இன்சுலேட்டர், கூலி தனி. அதுதான் பெரிய செலவு.

பெட்டி செய்யும் வேலை எளிது. பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துச் சேர்த்து வைத்து, நொடிக்கு ஒரு முறை 'டிக்' என்று கம்பியில் தட்டி விடுகிறது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் அந்தத் தட்டு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. அதனால்தான் தொட்ட உயிருக்கு வலிக்கும், உயிர் போகாது. அடுத்த தட்டுக்குள் விலகிக்கொள்ள அவகாசமும் கிடைக்கிறது. கடைக்காரர் "அக்கா, இது பத்தாயிரம் வோல்ட்டு" என்றுதான் ஆரம்பிப்பார். வேலியில் மாட்டாமல் சும்மா வைத்து அளந்த வோல்ட் அது. ஈரப் புல்லும் கொடியும் உரசும் நிஜ வேலியில் எவ்வளவு நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஜூல், அதாவது ஒரு தட்டில் போகும் சக்தியின் அளவு. வாங்கும்போது ஜூலைக் கேளுங்கள், எத்தனை ஓம் சுமையில் (மின்தடையில்) அந்த ஜூல் என்றும் கேளுங்கள். 500 ஓம் சுமையில் ஒரு தட்டுக்கு 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது என்பது பாதுகாப்புத் தரம். ஐ.எஸ். 302-2-76 என்ற எண் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எங்கள் பெட்டியில் எனக்குப் பிடித்தது அதன் சத்தம். களத்தில் நின்றால் டிக், டிக் என்று கேட்கும், கூடவே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். மீட்டர் இல்லாமலே பெட்டி ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. பிடிக்காதது மூடியின் ரப்பர். முதல் அடைமழையிலேயே ஈரம் உள்ளே இறங்கி டிஸ்ப்ளே மங்கிப் போனது. வாரண்டியில் இருந்தும் திரும்பி வர மாதம் தாண்டியது. அத்தனை நாளும் வேலி செத்துக் கிடந்தது, பன்றிக்கு அது தெரிந்தும் போனது. மாற்றுப் பெட்டி கொடுக்கும் கடையாகப் பார்த்து வாங்குங்கள், அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும். விளக்கப் புத்தகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு கருவிக்குத் தமிழில் நாலு பக்கம் போடாதது எனக்கு உண்மையிலேயே கோபம்.

பெட்டியைப் பற்றி இவ்வளவு போதும். பன்றி நிற்பதும் நிற்காததும் அடிக்கம்பியிலும் எர்த்திலும் இருக்கிறது.

அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓட வேண்டும். பன்றியின் முதுகு மயிர் முரடு, தோல் தடிப்பு, அங்கே பட்டால் மின்சாரம் சரியாக ஏறாது. அதன் ஈரமான மூக்கில் பட வேண்டும். மூக்கில் அடி வாங்கிய பன்றி பின்னால் துள்ளும். கழுத்தைத் தாண்டிப் பட்டால் முன்னால் பாய்ந்து உள்ளே வந்துவிடும், கம்பியையும் அறுத்துக்கொண்டு. நான் இதைக் கண்ணால் பார்த்தேன். சின்ன மாமனாரும் நானும் களத்து மேட்டில் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நல்ல நிலா. தாய்ப்பன்றி முன்னால், குட்டிகள் பின்னால். அது கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்று, தலையைத் தாழ்த்தி, மூக்கை மட்டும் நீட்டி மோந்து பார்த்தது. ஒரு டிக் போனது, ஒன்றும் இல்லை. அடுத்த டிக்கில் மூக்கு கம்பியில் இருந்தது. வீல் என்று கத்திக்கொண்டு உட்கார்ந்த வாக்கில் பின்வாங்கித் திரும்பி ஓடியது, குட்டிகள் அதற்கு முன்னால் ஓடின. "மூக்குலயே வாங்கிருச்சு தாயி, இனி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது" என்றார் மாமா. மறுநாள் அந்த இடத்தில் குளம்பு வழுக்கிய தடம் நீளமாகக் கிடந்தது. அந்த மூலையில் அப்புறம் பன்றி இறங்கவே இல்லை.

அதனால் மேடு பள்ளமான எங்கள் மலைச்சரிவில் கம்பியை நேராக இழுத்துக் கட்டினால் போதாது. பள்ளம் வரும் இடத்திலெல்லாம் அடிக்கம்பிக்கும் தரைக்கும் நடுவில் குட்டிப்பன்றி நுழையும் சந்து விழும். அங்கே ஊடே ஒரு கால் நட்டுக் கம்பியைக் கீழே இறக்க வேண்டும். வேலி போடும் ஆட்களுக்கு இது தொந்தரவு, செய்ய மாட்டார்கள். நின்று செய்யச் சொல்லுங்கள். நாங்கள் ஐந்து வரிசை போட்டோம். அடியில் மின்கம்பி, அதற்கு மேல் எர்த் கம்பி, அப்புறம் மாற்றி மாற்றி, மேல்வரிசை காட்டுமாட்டுக்காக ஐந்தடி உயரத்தில். வேளாண் பொறியியல் துறையின் மானியத் திட்டத்தில் 5, 7, 10 வரிசை என்று வைத்திருக்கிறார்கள். பன்றிக்கு மட்டும் என்றால் வரிசையைக் கூட்டுவதை விடக் கீழ் இரண்டு வரிசையை ஒழுங்காகப் போடுவதுதான் பலன்.

இப்போது எர்த். மிருகம் கம்பியைத் தொட்டதும் மின்சாரம் அதன் உடம்பு வழியாக மண்ணுக்குள் போய், மண்ணிலிருந்து எர்த் ராடு வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சுற்று முழுமையானால்தான் அடி விழும். பங்குனி, சித்திரையில் எங்கள் மண் காய்ந்து பொடியாகக் கிடக்கும்போது சுற்று அறுந்துவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன கோடையில் வந்து, "தங்கச்சி, பெட்டி போச்சு போல, டிக்குன்னு கேக்குது, ஆனா பன்னி உள்ள வந்துருச்சு" என்றார். பெட்டிக்கு ஒன்றும் இல்லை. பாறை மேல் அரை ஆழத்தில் ஒரே ஒரு கம்பியை அடித்து எர்த் என்று விட்டிருந்தார்கள். குறைந்தது மூன்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ராடு, ஆறடி நீளத்தில், ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, ஈரம் நிற்கும் இடத்தில் அடிக்க வேண்டும். நாங்கள் வாழைக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரத்தில் அடித்தோம். கரியும் உப்பும் போட்டு மூடினோம்.

எர்த் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, வேலியின் தூரக் கோடியில் மின்கம்பியின் மேல் கடப்பாரை இரண்டு மூன்றைச் சாத்தி மண்ணில் ஊன்றி நிறுத்துங்கள். பெட்டியைப் போட்டு, வேலியின் வோல்ட் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். பிறகு எர்த் ராடில் மீட்டரை வையுங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ராடு போதவில்லை, இன்னும் ஒன்று அடியுங்கள். இதற்கென்றே வேலி மீட்டர் கடையில் கிடைக்கும். பன்றிக்குக் கம்பியில் எப்போதும் நாலாயிரம் வோல்ட்டாவது நிற்க வேண்டும். நான் வாரா வாரம் கடைசிக் காலில் வைத்துப் பார்க்கிறேன். திடீரென்று இறங்கியிருந்தால் எங்கோ கொடி ஏறியிருக்கிறது அல்லது இன்சுலேட்டர் உடைந்திருக்கிறது. மழைக்காலத்தில் உன்னிச்செடியும் புல்லும் விறுவிறுவென்று வளர்ந்து அடிக்கம்பியைத் தொடும், ராத்திரியில் சடசடவென்று பொறி தெறிப்பது கேட்கும். வேலி ஓரத்தை மாதம் இரண்டு தடவையாவது செதுக்க ஆள்கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வேலி போடுங்கள்.

பேனலைப் பற்றிச் சமவெளிக் கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்க வேண்டாம். இங்கே கார்த்திகை, மார்கழியில் மூடுபனி இறங்கினால் நாள் கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. எங்கள் பெட்டி கால் ஆம்பியர் இழுக்கிறது, ஒரு நாளைக்கு 6 ஏ.ஹெச். 42 ஏ.ஹெச் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் மூன்று நாள், மூன்றரை நாள்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வாட் போதும் என்றார்கள், நாங்கள் 75 வாட் வாங்கி, மர நிழல் விழாத களத்து ஓரத்தில் உயரக் கம்பத்தில் கட்டினோம். அது சரியான முடிவு. இடி மாதங்களில் மின்னல் தடுப்பான் அவசியம். வானம் கறுத்தால் பெட்டியிலிருந்து வேலி வயரைக் கழற்றி விடுவேன்.

ஆள் பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். முள்கம்பியில் ஒருபோதும் மின்சாரம் விடாதீர்கள், ஆள் சிக்கினால் விலக முடியாது. காபி பறிக்க வரும் பெண்களுக்கு ஸ்பிரிங் கைப்பிடி வைத்த கேட்டைத் திறந்து மூடிக் காட்டுங்கள். மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைத் தமிழில் எழுதிக் கட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் வேலைக்கு வந்தால் அன்று பெட்டியை அணையுங்கள். வீட்டு லைனிலிருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பவர்கள் எங்கள் மலையிலும் இருக்கிறார்கள். அது விட்டு விட்டுத் தட்டுவதில்லை, பிடித்ததை விடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. பன்றிக்கு வைத்த கம்பியில் பெற்ற பிள்ளையே சிக்கிய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) வைப்பதும் அதே கொடுமைதான், மாடு தின்று வாய் கிழிந்து நிற்பதைப் பார்த்தவர்கள் அதைத் தொட மாட்டார்கள்.

யானைக்கு இந்த வேலி முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன். தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்பதை அது கண்டுபிடித்துவிடுகிறது, காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பியைப் படுக்க வைக்கிறது. காட்டுமாடு பெரும்பாலும் மதிக்கிறது. பன்றிக்கு, நான் மேலே சொன்னபடி போட்டால், கொடுத்த காசுக்கு மேலேயே வேலை செய்கிறது. பெட்டி பழுது பார்த்துத் திரும்பி வந்த பிறகு வாழைத்தூர் ஒன்றும் புரளவில்லை.

காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள், தமிழ்நாடு மின்வேலிகள் விதிகள் 2023இன்படி, வனத்துறையிடம் அனுமதி வாங்கிய பிறகே வேலி போட வேண்டும். பழைய வேலியையும் பதிவு செய்ய வேண்டும். கம்பி வாங்குவதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள், மானியத்துக்கும் அந்தக் காகிதம் கேட்பார்கள். நாங்கள் அடுத்து வாங்கப் போவது வோல்ட் இறங்கினால் கூவும் ஹூட்டர். அது பெட்டியோடு சேர்ந்தே வரும் மாடல் இப்போது வத்தலக்குண்டில் கிடைக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள்.