பற்செட்டுக்கு எந்த அக்ரிலிக்?

வெள்ளவத்தை வீட்டில் அம்மம்மாவின் மேல் பற்செட்டு கை நழுவி பேசினுக்குள் விழுந்து, இரண்டு முன்பற்களுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல் பிளந்தது. "இனி எனக்குக் கஞ்சிதான், பிள்ளை" என்றார். விழுந்தது ஒரு சாட்டுத்தான். மெல்லும்போதெல்லாம் மேல் செட்டு நடுக்கோட்டில் சற்றே வளைகிறது. வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் வளர்கிறது.

1930களின் பிற்பகுதியிலிருந்து பற்செட்டின் அடித்தளம் பெரும்பாலும் பாலிமெத்தில் மெத்தக்ரிலேட் என்னும் அக்ரிலிக் பிளாஸ்டிக்தான். தூளையும் திரவத்தையும் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெந்நீரில் இறுகவைப்பார்கள். பல் முரசின் (ஈறின்) நிறம் வரும், விலை குறைவு, உடைந்தால் ஒட்டலாம். ஆனால் அடி தாங்காது.

மாற்றுகளில் என் மனம் சாய்வது ரப்பர் சேர்த்த அக்ரிலிக்கின் பக்கம். ரப்பர்த் துகளை வெறுமனே கலந்தால் போதாது. துகளின்மேல் மெத்தக்ரிலேட் சங்கிலிகளை வேதிமுறையில் வளர்க்கிறார்கள். அதனால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒன்றிப்போகிறது. ஓடிவரும் வெடிப்பு அங்கே வேகம் இழக்கிறது. விறைப்பு கொஞ்சம் குறையும், விலை கூடும். நடுங்கும் கைக்கு இதுவே தகும்.

கண்ணாடி இழை வளைவை நன்றாகத் தாங்கும். ஆனால் இழைக்கு சைலேன் என்னும் பிணைப்புப் பொருளைப் பூச வேண்டும்: அதன் ஒரு முனை கண்ணாடியையும் மறுமுனை அக்ரிலிக்கையும் பிடித்துக்கொள்ளும். பூச்சு சரியில்லையென்றால் இழை உருவிக்கொண்டு வரும். மெருகிடும்போது மேலே தலைநீட்டினால் நாக்கை உறுத்தும். செய்பவரின் கையை நம்பி எடுக்க வேண்டிய பொருள்.

நைலோன் எளிதில் உடையாது. ஆனால் அக்ரிலிக் அதனோடு வேதிமுறையில் பிணைவதில்லை. முரசு வற்றிச் செட்டு தளரும்போது உட்புறத்தை நிரப்புவது பெரும்பாடு. முழுச் செட்டுக்கு நான் எடுக்கமாட்டேன்.

அம்மம்மாவின் அண்ணத்தில் கண்டிடா பூஞ்சையால் வந்த சிவப்பும் இருந்தது. அதைத் தடுக்க மருந்து கலந்த அக்ரிலிக்கில் மருந்து முதல் நாட்களில் நிறையக் கசிந்து பிறகு ஓய்ந்துவிடும். கிருமியை அடக்கச் சேர்க்கும் வெள்ளி நுண்துகள் நிறத்தைக் கருக்கலாம். நான்காம்நிலை அமோனியம் என்னும் கிருமிநாசினிக் கூறு கொண்ட மெத்தக்ரிலேட் சங்கிலியிலேயே பிணைவதால் கசியாமல், தொட்ட கிருமியைக் கொல்லும். உமிழ்நீர்ப் படலம் மூடினால் அதன் வீரியமும் மங்கும். ஆகவே இரவில் கழற்றி, துலக்கி, நீரில் போடும் வேலையை எந்த வேதியியலும் மிச்சப்படுத்தாது.

அம்மம்மாவுக்கு ரப்பர் சேர்த்ததையே கேட்டிருக்கிறோம். புதிய செட்டைக் கழுவும்போது பேசினில் தண்ணீர் பிடித்து, அடியில் ஒரு துவாயும் விரிக்கச் சொல்லியிருக்கிறேன்.