"ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க அக்கா" என்று கேட்டால் சொல்லாதீர்கள்

சென்னிமலையில் பெட்ஷீட், போர்வை விற்கிற சின்ன ஆன்லைன் கடை எங்களுடையது. ஆர்டர் வந்தால் கூகுள் ஷீட்டில் ஏற வேண்டும், வாங்கியவருக்கு வாட்ஸப்பிலும் மெயிலிலும் தகவல் போக வேண்டும். என்8என் என்ற, பல ஆப்களை இணைத்து வேலை வாங்கும் மென்பொருளை வைத்து இதெல்லாம் தானாக நடக்கும்படி செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தார். 18,000 ரூபாய் வாங்கினார், பராமரிப்புக்கு மாதம் 1,500. வேலை நன்றாக ஓடியதால் நான் எதையும் துருவிக் கேட்கவில்லை.

சர்வர் அவருடையது. என் ஜிமெயில் பாஸ்வேர்டும் அவரிடம் இருந்தது. வாரம் ஒருமுறை போன் வரும். "அக்கா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." எதுக்கு தம்பி என்றால், "கூகுள்ல அப்படித்தான்க்கா, கனெக்‌ஷன் கட்டாயிரும்." நானும் அடுப்பில் தாளித்துக்கொண்டே ஆறு எண்ணையும் படித்துச் சொல்வேன். கூகுளில் அவர் உருவாக்கிய ஆப்பை 'டெஸ்டிங்' நிலையிலேயே விட்டிருந்தார், அந்த நிலையில் தரும் அனுமதி 7 நாளில் காலாவதியாகிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதை 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றியிருந்தால் வாராவாரம் இந்தக் கூத்தே தேவையில்லை. கேட்டவுடன் ஓடிபி சொல்கிற பழக்கத்தை எனக்கு உண்டாக்கிவிட்டாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாதம் 6,000 கேட்டார். முடியாது என்றேன். மறுநாள் காலையிலிருந்து யாருக்கும் மெசேஜ் போகவில்லை.

சரி, பாஸ்வேர்டை மாற்றினால் ஆள் வெளியே போய்விடுவார் என்று நினைத்து மாற்றினேன். மெயில் இணைப்பு மட்டும் அறுந்தது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால், நாங்கள் பார்சலே கட்டாத ஆர்டர்களுக்கு எதிரே ஷீட்டில் 'அனுப்பியாச்சு' என்று தானாக ஏறியிருந்தது. ஷீட்டின் 'ஷேர்' பட்டனை அழுத்தினேன். என் பெயர், தங்கை பெயர், அதற்குக் கீழே ஜிசர்வீஸ்அக்கவுண்ட் டாட் காம் என்று முடியும் நீளமான ஒரு முகவரி, 'எடிட்டர்' உரிமையோடு. அது சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது ஆளுக்குப் பதிலாக ஒரு புரோகிராம் பயன்படுத்தும் கணக்கு. அதற்குத் தனிச் சாவி, அந்தச் சாவி அவரிடம். என் பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவு பேருடைய போன் நம்பரும் வீட்டு முகவரியும் அந்த நான்கு நாளும் அவருக்குத் திறந்தே கிடந்தன.

ஆன்லைனில் பணம் வாங்க உதவும் பேமென்ட் கேட்வேயின் சாவியும் அவரிடம் இருந்ததால் அதையும் புதிதாக எடுத்தோம். வெப்சைட்டிலும் ஆட்டோமேஷனிலும் ஒரே சாவியைப் போட்டிருந்ததால், அரைநாள் கடையில் யாரும் பணம் கட்ட முடியவில்லை. வாட்ஸப் நம்பர் அவருடைய மெட்டா பிசினஸ் கணக்கில் பதிவாகியிருந்தது. அது கடைசிவரை கைக்கு வரவில்லை.

கெஞ்சிக் கூத்தாடி என்8என் பேக்கப் ஒன்று வாங்கினேன். வேறொரு தம்பி அதைப் புது சர்வரில் ஏற்றினார். வொர்க்ஃப்ளோ, அதாவது எது நடந்தபின் எது நடக்க வேண்டும் என்ற வரிசை எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரு கிரெடென்ஷியலும் (இணைப்புகளுக்காகச் சேமித்த பாஸ்வேர்டு, சாவி) திறக்கவில்லை. என்8என் அவற்றை என்கிரிப்ஷன் கீ போட்டுப் பூட்டித்தான் சேமிக்கிறது. பழைய கீ இல்லாமல் பேக்கப் இருந்தும் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு இணைப்பையும் முதலிலிருந்து கொடுத்தோம்.

இப்போது சர்வர் என் பெயரில். அதன் என்கிரிப்ஷன் கீயைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன். கேட்வே சாவி வெப்சைட்டுக்கு ஒன்று, ஆட்டோமேஷனுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். புதிய தம்பி வேலை செய்ய வந்தால் பாஸ்வேர்டையும் சாவிகளையும் நானே உட்கார்ந்து டைப் செய்கிறேன், அவருக்குத் தனி லாகின். வேலை முடிந்ததும் அந்த லாகினை எடுத்துவிடுகிறேன். அவர் தப்பாக நினைக்கவில்லை. "இப்படித்தான்க்கா இருக்கணும்" என்றார்.

இதே மாதிரி யாரிடமாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே உங்கள் கூகுள் கணக்கில் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு ஷீட்டின் ஷேர் பட்டியலையும் திறந்து பாருங்கள். அது வேறு இடம், கணக்குப் பக்கத்தில் தெரியாது.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லியிருக்கிறேன். எங்களிடம் போர்வை வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால்: கவரில் அச்சடித்திருக்கும் பழைய வாட்ஸப் நம்பர் இப்போது எங்களுடையது அல்ல. அதிலிருந்து பணம் கேட்டு மெசேஜ் வந்தால் அனுப்ப வேண்டாம்.