எல்.எஸ். பெல்ட்: டிஸ்க் விலகலுக்கு வாங்கலாமா?

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு) விலகல் என்று வந்ததும், மாத்திரையோடு சேர்ந்து வீட்டுக்கு வருகிற முதல் பொருள் பெரும்பாலும் எல்.எஸ். பெல்ட், அதாவது இடுப்பைச் சுற்றிக் கட்டும் பெல்ட்தான். மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. விலை கூடக்கூட துணியும் எலாஸ்டிக்கும் மேம்படும். வேலை செய்யும் விதம் ஒன்றேதான். வலி கடுமையாக இருக்கும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு வாங்கலாம். விலகின ஜவ்வை உள்ளே தள்ளிவிடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

டிஸ்க்கின் வெளிப்புறம் கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல் போன்ற மையம். வயதும் பரம்பரையும் புகைப்பழக்கமும் வளையத்தைப் பலவீனமாக்கியிருக்கும். குனிந்தபடி இடுப்பைத் திருப்பி எடை தூக்கும் ஒரு நாளில் அது பின்பக்கமாகக் கீறி, மையம் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பின் வேரில் போய் இடிக்கும்; கால் வலி அதனால்தான். இடுப்பில் வரும் விலகல்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு டிஸ்க்குகளான எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டில்தான். வயிற்றைச் சுற்றி இறுக்கும் ஒரு துணி அவ்வளவு ஆழத்தில் எதையும் நகர்த்தாது. பிதுங்கியதைக் கரைப்பது உடம்பேதான்: நோய் எதிர்ப்பு செல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுகின்றன. அறிக்கையில் பயமுறுத்துகிற பெரிய பிதுக்கங்களும், துண்டாகப் பிரிந்துபோனவையுமே அதிகம் கரைகின்றன. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் கால் வலி நன்றாகவே குறைந்துவிடும்.

அப்படியானால் பெல்ட் எதற்கு? முதுகு முழுக்க வளைவதைத் தடுக்கிறது, கொஞ்சம் சூடு தருகிறது, குனியப் போகும்போது இடித்து நினைவுபடுத்துகிறது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய பயன். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒருவரின் எல்4-எல்5 டிஸ்க்குக்குள்ளேயே கருவி வைத்து அழுத்தத்தை அளந்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல், நிற்கும்போது 0.5. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. பெல்ட் உங்களை முழங்காலை மடக்க வைத்தால் காசுக்குப் பலன் உண்டு.

ஆராய்ச்சிகள் பெல்ட்டுக்குச் சாதகமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு வலிக்கும் சயாட்டிகாவுக்கும் (நரம்பு அழுத்தத்தால் காலில் இறங்கும் வலி) பெல்ட் கொடுக்க வேண்டாம் என்கிறது. டிராக்‌ஷனுக்கும், அதாவது முதுகை இழுத்து வைக்கும் சிகிச்சைக்கும், அதே பதில்தான். ஆகவே காற்றடித்து முதுகை இழுக்கும் டிராக்‌ஷன் பெல்ட், காந்தம் பதித்த பெல்ட் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் 9,377 கடை ஊழியர்களைப் பின்தொடர்ந்து 2000-இல் வெளியான ஆய்விலும், பெல்ட் போட்டவர்களுக்கு முதுகு வலி குறையவில்லை. இத்தனைக்குப் பிறகும் முதல் வாரங்களுக்குச் சரி என்பதற்கு ஒரே காரணம், பெல்ட் போட்டால் சிலரால் எழுந்து நடக்க முடிகிறது. படுத்தே கிடப்பதைவிட நடப்பது நல்லது. பெல்ட் போட்டும் நடக்க முடியவில்லை என்றால் அதை வைத்துக்கொண்டு பயனில்லை.

பெரும்பாலான புகார்கள் தப்பான அளவால் வருபவை. பேன்ட் சைஸைச் சொல்லி வாங்காதீர்கள். நின்றுகொண்டு, மூச்சை இயல்பாக விட்டு, அட்டைப்பெட்டியில் குறித்திருக்கும் இடத்தில் டேப் வைத்து அளக்க வேண்டும். சிறிதாக இருந்தால் ஓரம் சுருண்டு மேலேறும், பெரிதாக இருந்தால் வெல்க்ரோ முழுக்க ஒட்டாது. பின்பக்கம் இருக்கும் உலோகப் பட்டைகளைத் தடவிப் பாருங்கள். இடுப்பின் உள்வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்க வேண்டும். நேராக இருந்தால் உட்காரும்போது முதுகில் குத்தும்.

போடும்போது மெல்லிய பருத்தி பனியன் மேல் போடுங்கள். படுத்த நிலையில் போட்டால் வயிறு தளர்ந்து சரியாகப் பொருந்தும். பின்பக்கக் கீழோரம் புட்டத்தின் மேல்பகுதியை மூட வேண்டும். பலர் விலா எலும்பு வரை ஏற்றிப் போடுகிறார்கள், அங்கே அதற்கு வேலை இல்லை. முதலில் முன்பக்க வெல்க்ரோ, பிறகு இருபக்க நாடாக்களையும் ஒரே அளவில் இழுத்து ஒட்டுங்கள். இரண்டு விரல் உள்ளே நுழையும் இறுக்கம் போதும். தூங்கும்போதும் சாப்பிட்டவுடனும் வேண்டாம். கர்ப்பிணிகளும் குடலிறக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

நம் ஊர் வெயிலில் வேர்க்குரு வரும், காற்றுத் துளையுள்ள துணியாகப் பாருங்கள். பட்டைகளை உருவிவிட்டு, வெல்க்ரோவை மூடி, கையால் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். சூடு எலாஸ்டிக்கைத் தளர்த்திவிடும். வெல்க்ரோ ஒட்டாமல் போனால் அதில் சிக்கிய நூலைப் பழைய பல் துலக்கியால் எடுங்கள், பாதி உயிர் திரும்பும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. சிறுநீர் வராமல் அடைத்தாலோ அறியாமல் கசிந்தாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ பெல்ட்டைத் தேடாமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மற்றவர்கள் வலி தணியத் தணிய பெல்ட்டைக் குறைக்க வேண்டும். முதலில் வீட்டுக்குள் கழற்றிவிட்டு, பஸ்ஸிலும் பைக்கிலும் மட்டும் போடுங்கள். பிசியோதெரபிஸ்ட் காட்டிய பயிற்சியைப் பெல்ட் இல்லாமல் செய்யுங்கள். தசை உடனே மெலிந்துவிடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் பெல்ட் இல்லாமல் குனியவே பயப்படும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், அதை விடுவிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.