போன்ஸோ டாக் பேண்டின் ஒரே ஹிட்: பி பக்கத்தையும் போட்டுக் கேளுங்கள்

லிபர்ட்டி கம்பெனி 1968இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஏழு அங்குல இசைத்தட்டு இது. 45 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று. முன்பக்கம் ‘ஐம் தி அர்பன் ஸ்பேஸ்மேன்’, பின்பக்கம் ‘கேன்யன்ஸ் ஆஃப் யுவர் மைண்ட்’. அங்கே பழைய தட்டு விற்கும் ஒருவரிடமிருந்து தபாலில் வரவழைத்தேன். தட்டின் விலையைவிடத் தபால் செலவு கூட. நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றார். முன்பக்கத்தில் ஊசி இறங்கியதும் கொஞ்ச நேரம் பட்பட்டென்று சத்தம் வருகிறது. அதற்குப் பிறகு சுத்தம். பின்பக்கம் புத்தம் புதிது போல இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் அதைத் திருப்பியே போடவில்லை போலிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம்தான், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன்ஸோ டாக் டூ-டா பேண்ட் 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஓவியக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு. பெயரில் உள்ள போன்ஸோ, 1920களில் ஜார்ஜ் ஸ்டடி என்பவர் வரைந்த கார்ட்டூன் நாய். இவர்கள் பழைய சாமான் சந்தைகளில் 78 ஆர்.பி.எம். தட்டுகளைப் பொறுக்கி எடுத்து, யாரும் நினைவில் வைத்திராத நாற்பது வருடப் பழைய டான்ஸ் பாட்டுகளை மேடையில் வாசித்தார்கள். வாசிப்போடு நிற்கவில்லை. ரோஜர் ரஸ்கின் ஸ்பியர் வெடிக்கிற பொம்மைகளும் ரோபோக்களும் செய்து மேடையேற்றினார். கடையில் துணி மாட்டும் பொம்மையின் காலுக்குள் தெரமினை, அதாவது தொடாமலே கையசைத்து வாசிக்கிற மின்வாத்தியத்தை, வைத்து வாசித்தார். டிரம்ஸ்காரர் ‘லெக்ஸ்’ லாரி ஸ்மித் நடுவில் எழுந்து வந்து டேப் டான்ஸ் ஆடுவார். முன்னால் நின்று பாடுகிறவர் விவியன் ஸ்டான்ஷல். ஆழ்ந்த குரல், ராஜகுடும்பத்து ஆங்கில உச்சரிப்பு, எந்த நிமிடம் என்ன செய்வார் என்று சொல்ல முடியாத மனிதர். பியானோவும் கிட்டாரும் வாசித்து, பாதிப் பாட்டுகளை எழுதியவர் நீல் இன்னஸ்.

வேடிக்கைக் குழு என்றால் வாசிக்கத் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். வடபழனிப் பக்கம் ரெக்கார்டிங் தியேட்டர்களில் மைக் வைத்தே வயதானவன் நான். பிசகாமல் வாசிக்கிற ஆளுக்குத்தான் வேண்டுமென்றே பிசகவும் தெரியும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காதோடுதான் இதைக் கேட்டேன்.

ஹிட் வருவதற்கு முன்னால் இவர்களுக்கு ஓர் அடி விழுந்தது. 1966இல் ஜெஃப் ஸ்டீஃபன்ஸ் என்ற பாடலாசிரியர், ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்து ‘வின்செஸ்டர் கதீட்ரல்’ என்று 1920களின் பாணியில் ஒரு பாட்டுப் போட்டார். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மேடையேற்ற அவரிடம் குழு இல்லை. போன்ஸோக்களைக் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான பாப் கெர் மட்டும் போய்ச் சேர்ந்தார். பிறகு தொலைக்காட்சியில் பார்த்தால், நியூ வாட்வில் பேண்ட் என்ற பெயரில் போன்ஸோக்களின் உடுப்பும் பாணியும் அப்படியே நிற்கின்றன. ஊரெல்லாம் இவர்களைப் பார்த்து, ‘நீங்களும் அவர்களைப் போலவே செய்கிறீர்களே’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த எரிச்சலில்தான் சொந்தப் பாட்டுகள் எழுதத் தொடங்கினார்கள். அந்த அடி விழாமல் இருந்திருந்தால் இந்தத் தட்டே வந்திருக்காது.

இப்போது முன்பக்கம். இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. எழுதிப் பாடியவர் இன்னஸ். விளம்பரத்தில் வருகிற குறையே இல்லாத மனிதன் ஒருவன் தன் பெருமையைத் தானே அடுக்கிக்கொண்டு போகிறான்: வேகம் உண்டு, தேவையானது எல்லாம் உண்டு, தப்பே செய்ய மாட்டான். கடைசியில், தான் இல்லவே இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். மெட்டு ஒரு தடவை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். கீழே டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியம் ‘ஊம், ஊம்’ என்று நடக்க, மேலே உக்குலேலே என்ற குட்டிக் கிட்டார் சளசளவென்று ஓடுகிறது. அந்த உக்குலேலேயை வாசிப்பது பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி. தட்டைத் தயாரித்தவரும் அவர்தான், கஸ் டட்ஜனோடு சேர்ந்து. ஆனால் லேபிளைப் பார்த்தால் தயாரிப்பாளர் அப்போலோ சி. வெர்மூத். பீட்டில்ஸ் பெயரைக் காட்டி விற்க வேண்டாம் என்று போட்ட புனைபெயர் அது. அந்தக் கௌரவத்துக்காகவே இந்தக் குழு மேல் எனக்கு மரியாதை.

ரெக்கார்டிங் நடந்த கதையை இன்னஸ் பிற்காலத்தில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மேனேஜர் ஜெரி பிரான் ஸ்டூடியோ நேரத்தில் கறார். ஸ்டான்ஷல் ஒரு கிளப்பில் மெக்கார்ட்னியைப் பார்த்து இதைப் புலம்ப, நானே வந்து செய்து தருகிறேன் என்று வந்துவிட்டார். வந்தவர் முதலில் பியானோவில் உட்கார்ந்து, தான் புதிதாக எழுதிய பாட்டு என்று ‘ஹே ஜூட்’ வாசித்துக் காட்டினாராம். வந்திருப்பது பீட்டில் என்றால் மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பாரா?

எனக்கு இதில் பிடித்த இடம் ரப்பர் குழாய்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய். அதன் ஒரு முனையில் டிரம்பெட்டின் ஊதுவாயைச் செருகி, மறு முனையில் பிளாஸ்டிக் புனலை மாட்டி, ஊதிக்கொண்டே தலைக்கு மேல் சுழற்ற வேண்டும் என்றார் ஸ்டான்ஷல். இதையெல்லாம் பதிவு செய்ய முடியாது என்றார் எஞ்சினியர். ஏன் முடியாது, அறையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு மைக் வையுங்கள் என்றார் மெக்கார்ட்னி.

இது சின்ன விஷயம் இல்லை. சத்தம் வருகிற வாய் ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் ஒரே மைக்கை வைத்தால், புனல் அந்தப் பக்கம் வரும்போது மட்டும் ‘பாங்’ என்று அடிக்கும், போனதும் செத்துவிடும். கொஞ்சம் கை தவறினால் மைக்கே காலி. நான்கு மூலையிலும் வைத்தால் ஒன்று விட்டதை அடுத்தது பிடிக்கும், அறையின் காற்றும் சேர்ந்து வரும். பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு முரட்டு ஊதல் வட்டமடித்துப் போவதைக் கேளுங்கள். ஹெட்போனில் வேண்டாம், நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள். ‘முடியாது’ என்று சொன்ன எஞ்சினியர்களை நானும் பார்த்திருக்கிறேன். கேலிப் பாட்டுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பார்கள். கேலிப் பாட்டுக்குத்தான் மெனக்கெட வேண்டும். அதில் ஒரு சத்தம் தப்பினாலும் சிரிப்பு வராது.

பாட்டு 1968 நவம்பரில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் நுழைந்து ஐந்தாம் இடம் வரை ஏறியது. அதே குளிர்காலத்தில் பட்டியலின் உச்சியில் ‘லில்லி தி பிங்க்’ என்ற இன்னொரு வேடிக்கைப் பாட்டு. அதைப் பாடிய ஸ்கஃபோல்ட் குழுவில் இருந்த மைக் மெக்கியர், மெக்கார்ட்னியின் சொந்தத் தம்பி. அண்ணன் புனைபெயரில் ஒன்று, தம்பி வேறு பெயர் வைத்துக்கொண்டு ஒன்று. இன்னஸுக்கு இந்தப் பாட்டுக்காக, பிரிட்டனில் பாட்டு எழுதுகிறவர்களுக்குத் தருகிற ஐவர் நொவெல்லோ விருதும் கிடைத்தது. அதன் பிறகு வந்த சிங்கிள்கள், அதாவது இதுபோன்ற சின்னத் தட்டுகள், எதுவும் பட்டியலை எட்டவில்லை. 1970இன் தொடக்கத்தில் குழு கலைந்தது.

இனி பின்பக்கம். ‘கேன்யன்ஸ் ஆஃப் யுவர் மைண்ட்’ ஸ்டான்ஷலின் ராஜ்ஜியம். பாப் லிண்ட் 1966இல் பாடிப் புகழ்பெற்ற ஒரு காதல் பாட்டில் இருந்து அந்தத் தலைப்பை உருவி, எல்விஸ் பாணியில் உருகி உருகிப் பாடுகிறார். காதலியைப் பற்றிய உவமைகள் போகப் போகக் கெட்டுக்கொண்டே போகின்றன. நடுவில் ஏப்பம் வேறு. பிறகு இன்னஸின் கிட்டார் சோலோ வருகிறது. இவ்வளவு மோசமான சோலோவை நான் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை. புது மாப்பிள்ளை பட்டுவேட்டியில் தடுக்கி நடப்பது போல ஒவ்வொரு சுரமும் போக வேண்டிய இடத்துக்கு ஒரு விரல் தள்ளி விழுகிறது. ஆனால் தாளத்தைக் கவனியுங்கள், அது இம்மி பிசகவில்லை. சோலோ முடிகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து சேர்கிறார்கள்.

முன்பக்கத்தை மட்டும் கேட்டவர்களுக்குப் பாதிக் குழுதான் தெரியும். ஹிட்டானது இன்னஸின் இனிப்பு. ஸ்டான்ஷலின் உறைப்பு பின்பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் போன்ஸோ. ஐந்தாம் இடம் பிடித்த பாட்டை வைத்து, ‘ஏதோ ஒரு காமெடிக் குழு, ஒரு பாட்டோடு போய்விட்டது’ என்று எழுதுகிறவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டதே இல்லை என்பேன்.

வாங்கலாமா? தட்டு சுழற்றுகிற மெஷின் வீட்டில் இருந்தால் கண்டிப்பாக வாங்குங்கள். அதிகம் அச்சான தட்டு என்பதால் விலையும் கையைக் கடிக்காது. விற்பவரிடம் முன்பக்கத்தின் தொடக்கம் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஓடி ஓடித் தேய்ந்திருப்பது அங்கேதான். மெஷின் இல்லாதவர்கள் 1969இல் வந்த ‘டாட்போல்ஸ்’ ஆல்பத்தைத் தேடுங்கள், இரண்டு பாட்டும் அதில் உண்டு. அது பிடித்துப்போனால் அடுத்தது 1967இன் ‘கொரில்லா’. அதில் ‘தி இன்ட்ரோ அண்ட் தி அவுட்ரோ’வில் ஸ்டான்ஷல் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொண்டே போவார். முதலில் குழுவின் உண்மையான ஆட்கள். பிறகு சைலஃபோனில் ஜான் வெய்ன் என்பார், ஹாலிவுட் கௌபாய் நடிகர்! யார் யார் வருகிறார்கள் என்று இங்கேயே சொல்லிக் கெடுக்க மாட்டேன்.