'சுத்தமான ஓட்ஸ்' என்று நம்பி ஏமாந்தோம்: சீலியாக் உள்ளவர்கள் கவனிக்கவும்

என் மகளுக்கு ஐந்து வயதில் சீலியாக் நோய் என்று உறுதியானது. சில தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய் இது. இப்போது அவளுக்கு ஒன்பது. இந்த நான்கு வருடங்களில் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் எங்கள் சமையலறையில் நான் நுழைய விட்டதில்லை. ரத்தத்தில் டிடிஜி (சீலியாக் உள்ளவர்கள் குளூட்டன் சாப்பிட்டால் ஏறும் எதிர்ப்பொருள்) அளவு இயல்புக்கு இறங்கி, ஒன்றரை வருடம் அப்படியே நிலைத்திருந்தது. அதன் பிறகுதான் மருத்துவர், "இனி ஓட்ஸ் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் கலப்பில்லாத ஓட்ஸாக இருக்க வேண்டும்" என்றார். 'கலப்பில்லாத' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

குளூட்டன் இல்லாத உணவுகளை மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு விற்பனையாளரிடம் இணையம் வழியாக வாங்கினோம். பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'நூறு சதவீதம் சுத்தமான ஓட்ஸ்', 'இயற்கையிலேயே குளூட்டன் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. வாங்குவதற்கு முன் போன் செய்தும் கேட்டேன். "சீலியாக் இருக்கிற குழந்தைக்கா? தாராளமாகக் கொடுங்க மேடம். எங்களிடம் நிறைய பேர் வாங்குகிறார்கள்" என்றார்கள். ஆய்வக அறிக்கை இருக்கிறதா என்று கேட்டதற்கும் "இருக்கிறது" என்று பதில் வந்தது. அதை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்க்காமல் விட்டது என் தவறு.

மருத்துவர் சொன்னபடி சிறிய அளவில் தொடங்கினோம். முதலில் நாளுக்கு இரண்டு ஸ்பூன், அப்புறம் மெதுவாகக் கூட்டி 25 கிராம் வரை. பிள்ளைகளுக்கு 20 முதல் 25 கிராம், பெரியவர்களுக்கு 50 முதல் 70 கிராம் என்பது கனடாவின் சீலியாக் அமைப்பு சொல்லும் அளவு. எங்கள் மருத்துவர் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

முதல் வாரத்திலேயே வயிறு உப்பியது. விற்பனையாளரைக் கேட்டேன். "ஓட்ஸில் நார்ச்சத்து அதிகம். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும்" என்றார்கள். இதில் பொய் இல்லை. ஓட்ஸ் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு முதலில் வாயுவும் உப்புசமும் வருவதுண்டு, மருத்துவரும் முன்பே சொல்லியிருந்தார். அதனால்தான் நம்பினேன். மூன்றாவது வாரம் மறுபடி கேட்டபோதும் "பழகிவிடும்". ஆறாவது வாரமும் அதே பதில். ஒரு உண்மையைச் சொல்லியே என்னை இத்தனை நாள் அமைதிப்படுத்தி வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஏழாவது வாரம் அவள் வாயில் புண்கள் வந்தன. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவாள். ஐந்து வயதில், நோய் என்னவென்று தெரியாமல் அலைந்த நாட்களில், அவள் இப்படித்தான் படுத்துக் கிடப்பாள். நார்ச்சத்தால் வாய்ப்புண் வராது. அன்றே ஓட்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடினேன். ரத்தப் பரிசோதனையில் டிடிஜி மறுபடி ஏறியிருந்தது.

இப்போது அந்த ஆய்வக அறிக்கையைக் கேட்டேன். நான்கு முறை கேட்ட பிறகு ஒரு பக்கம் வந்தது. தேதி ஒரு வருடத்துக்கும் முந்தையது. அதிலிருந்த பேட்ச் எண் என் பாக்கெட்டில் இருந்த எண் இல்லை. விடாமல் கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. அவர்கள் சாதாரண ஓட்ஸை மூட்டையாக வாங்கிச் சிறு பாக்கெட்டுகளில் போட்டு விற்கிறார்கள். அதே இடத்தில் கோதுமை மாவும் பாக்கெட் செய்யப்படுகிறது.

மீதியிருந்த ஓட்ஸில் கொஞ்சத்தை நானே ஒரு உணவு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஒரே பாக்கெட்டிலிருந்து இரண்டு மாதிரிகள். ஒன்றில் 14 பி.பி.எம்., இன்னொன்றில் 640. குளூட்டன் இல்லாதது என்று எழுதுவதற்குப் பல நாடுகளில் உள்ள உச்சவரம்பு 20 பி.பி.எம்., அதாவது ஒரு கிலோவில் 20 மில்லிகிராம். 640 இருக்கும் ஓட்ஸில் 25 கிராம் சாப்பிட்டால் 16 மில்லிகிராம் குளூட்டன் உள்ளே போகும். நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான சீலியாக் நோயாளிகளின் குடலுக்குப் பாதிப்பு வருவதில்லை என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

ஒரே பாக்கெட்டில் எப்படி இவ்வளவு வித்தியாசம்? கலப்பு மாவு போலச் சீராகப் பரவியிருக்காது, தானியமாகத்தான் கிடக்கும். ஒரு வேளைக்கு எடுக்கும் ஓட்ஸில் ஒன்றிரண்டு பார்லி மணி விழுந்தாலே 20 பி.பி.எம்.மைத் தாண்டிவிடும். பக்கத்துப் பிடியில் ஒன்றுமே இருக்காது. அதனால் ஒரே ஒரு மாதிரியை எடுத்துச் சோதித்து 'பாஸ்' என்று காட்டும் அறிக்கையை நான் இனி நம்ப மாட்டேன்.

ஓட்ஸில் இருக்கும் புரதம் அவெனின். அது கோதுமைக் குளூட்டனிலிருந்து வேறுபட்டது. சீலியாக் உள்ள பெரும்பாலானோருக்கு அது ஒத்துக்கொள்கிறது என்று 1995இல் பின்லாந்தில் நடந்த ஆய்விலிருந்தே தெரியவந்திருக்கிறது. 'இயற்கையிலேயே குளூட்டன் இல்லாதது' என்று எழுதுபவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் வயலில் கோதுமைக்கும் பார்லிக்கும் மாற்றுப் பயிராக ஓட்ஸ் விதைக்கிறார்கள். அறுவடை இயந்திரம், லாரி, கிடங்கு, ஆலை எல்லாமே பொது. அமெரிக்காவில் உணவியல் நிபுணர் டிரிசியா தாம்சன் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நிறுவனங்களின் 12 ஓட்ஸ் பாக்கெட்டுகளைச் சோதித்தார். ஒன்பதில் குளூட்டன் 20 பி.பி.எம்.முக்கு மேல் இருந்தது. அதிகபட்சம் 1807. அந்த ஓட்ஸ் எல்லாம் கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை, கலப்படம் செய்தவை அல்ல.

ஆகவே 'சுத்தமான ஓட்ஸ்' என்றால் வேறு பொருள் சேர்க்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். 'கோதுமை இல்லாதது' என்றாலும் போதாது, பார்லி இருக்கலாம். குளூட்டன் இல்லாதது என்று சான்றளிக்கப்பட்டதாக எழுதியிருக்க வேண்டும். அதற்கு மேலும் கேளுங்கள். என் கையில் இருக்கும் இந்தப் பேட்ச் எண்ணுக்கு அறிக்கை உண்டா? எத்தனை மாதிரிகள் எடுத்தீர்கள்? தனி வயலில் விளைந்து தனி இயந்திரங்களில் வந்ததா, அல்லது சாதாரண ஓட்ஸை இயந்திரத்தில் சலித்துப் பிரித்ததா? இரண்டாவது முறையிலும் 20க்குக் கீழே கொண்டுவர முடியும். ஆனால் பார்லி மணி உருவத்தில் ஓட்ஸை ஒத்திருப்பதால் சில தப்பிவிடும். முடிந்தால் முதல் முறையில் வந்ததையே வாங்குங்கள். மூட்டையிலிருந்து அள்ளி எடைபோட்டுத் தருவதை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிகச் சிலருக்குத் துளியும் கலப்பில்லாத ஓட்ஸ்கூட ஒத்துக்கொள்ளாது. அவர்களின் உடல் அவெனினையே எதிர்க்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்த ஓட்ஸையும் குளூட்டன் இல்லாதது என்று விற்க விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால் டிடிஜி இயல்புக்கு வந்து நிலைத்த பிறகு, மருத்துவருக்குத் தெரிவித்துத்தான் தொடங்க வேண்டும். தொடங்கிய சில மாதங்களில் மறுபடி ரத்தப் பரிசோதனையும் தேவை. உப்புசம் இரண்டு மூன்று வாரங்களில் குறையாவிட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். விற்றவரிடம் மருத்துவம் கேட்காதீர்கள். நான் ஆறு வாரம் கேட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் விளம்பரத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, அதே வரிகளோடு இன்றும் விற்கிறார்கள். மீதிப் பாக்கெட்டை லேபிளோடு மூடிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு ஆய்வக முடிவுகளையும் சேர்த்து உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பியாகிவிட்டது. மகளுக்கு வாய்ப்புண் ஆறிவிட்டது. டிடிஜி இறங்க மாதக்கணக்கில் ஆகலாம் என்கிறார் மருத்துவர். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். உங்களிடமும் இப்படி ஒரு பாக்கெட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்து, பாக்கெட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.