வெளிச் சமையலறைக்கு கொட்டேஷன் வாங்குகிறீர்களா? எங்களுக்குப் போனது 1,40,000 ரூபாய்

ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அதற்கு எங்கள் கொல்லையில் நிற்பது ஒரு செங்கல் மேடை, மேலே கடப்பா கல், துரு பூத்த ஸ்டீல் கதவுகள். சிங்க் இல்லை, கூரை இல்லை.

வீடு ஈசிஆர் பக்கம், கடல் கிட்டத்தில். மீன் வறுக்கிற புகை உள்ளே வராமல் அம்மா வெளியில் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டட வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் பதிந்தோம். 2,35,000, 2,80,000, 3,60,000 என்று மூன்று கொட்டேஷன். அதிகம் சொன்னவர் கல்லின் கனம், குழாயின் நீளம் வரை எழுதியிருந்தார். குறைவாகச் சொன்னவர் எழுதியது ஒரே வரி: ‘மெட்டீரியலோடு முழு வேலை.’

அந்த ஒரு வரிக்காரர் நேரில் வந்தார். தரையில் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்தார். அம்மாவை நிற்கச் சொல்லி அளந்து, “உங்களுக்கு 32 இன்ச் போதும்மா, முதுகு வலிக்காது” என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். பையிலிருந்து ஸ்டீல் துண்டு எடுத்து அதில் காந்தம் வைத்தார், ஒட்டவில்லை. “ஒரிஜினல் 304 ஸ்டீல் சார், விலை கூடின ரகம்.” ஆப்பிலும் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று பச்சை டிக். அன்றே 1,40,000 முன்பணமாக அவர் வங்கிக் கணக்குக்குப் போனது.

கதவு மாட்டிய கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளிகள். அது 304 இல்லை, 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய மலிவு ரகம், அதிலும் காந்தம் ஒட்டாது! தெரிந்தே அந்த வித்தையைக் காட்டியிருக்கிறார். கேட்டால், “மழை சார்”, “மேஸ்திரி ஊருக்குப் போயிட்டாரு”. அப்புறம், “டிரைனேஜ், வயரிங் தனி சார், இன்னும் அறுபதாயிரம் போட்டாத்தான் வேலை நடக்கும்”. இப்போது போனையே எடுப்பதில்லை. ஆப்காரர்களோ, “நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்கிறோம்” என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். அப்படியானால் அந்தப் பச்சை டிக் எதற்கு? அதை நம்பித்தானே 1,40,000 கொடுத்தோம்!

கொட்டேஷன்களை எப்படி ஒப்பிடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. அவசரமாக இது மட்டும்: ஒரே பட்டியலை எல்லோரிடமும் கொடுத்து அதற்கு விலை கேளுங்கள். டிரைனேஜ், வயரிங், ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா என்று எழுதி வாங்குங்கள். ஸ்டீல் கிரேடு பில்லில் இருக்கட்டும், காந்தத்தை நம்பாதீர்கள். வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நாங்கள் புகார் கொடுத்துவிட்டோம்.